அண்டி ஆபீஸை ஒழுங்குபடுத்தினேன், ஆட்கள் போய்விட்டார்கள்: தலைமையும் நிர்வாகமும் ஒரே கையில் வருமா?

கருங்கல் பருப்பு (ஞாயிறு, இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். கருங்கல் பக்கத்தில் எங்களுக்கு ஒரு அண்டி ஆபீஸ் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், முந்திரிக் கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் ஆலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அப்பா 31 வருஷம் நடத்தினார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்த நான் வேலையை விட்டுவிட்டு வந்து பொறுப்பேற்றேன். 64 பேர் வேலை செய்தார்கள், ஐந்து ஆண்களைத் தவிர எல்லோரும் பெண்கள்.

நான் வந்தபோது பதிவேடு என்று ஒன்றும் சரியாக இல்லை. எத்தனை மூட்டை வந்தது, எத்தனை கிலோ பருப்பு போனது என்பது அப்பாவின் மனசில்தான் இருந்தது. நான் விரல்ரேகை வருகைப்பதிவு வைத்தேன். பழைய தராசை எடுத்துவிட்டு டிஜிட்டல் தராசும், அதற்கு ஒரு கிளார்க்கும் போட்டேன். ஒவ்வொரு மேசைக்கும் தினசரித் தாள் வந்தது. எவ்வளவு வாங்கினார்கள், எவ்வளவு முழுப்பருப்பு, எவ்வளவு உடைசல் என்று எல்லாம் எழுத்தில் வந்தது. முதல் வருஷமே பலன் தெரிந்தது. முன்பு நூறு கிலோ கொட்டைக்கு 22 கிலோ பருப்பு கிடைத்தது, அது 24 வரைக்கும் ஏறியது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த இரண்டு கிலோவின் அருமை தெரியும்.

அப்புறம் இந்த வருஷம் தவக்காலம் முடிந்த கையோடு இரண்டு மாதத்துக்குள் 17 பேர் போய்விட்டார்கள். மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிற இன்னொரு ஆபீஸுக்குத்தான் போனார்கள். கூலி அங்கேயும் இதேதான். போனவர்களில் ஒரு அக்கா என்னைச் சின்ன வயசில் இடுப்பில் தூக்கி வளர்த்தவர். வீட்டுக்கே போய்க் கேட்டேன். "இப்பம் மெஷின்தான் எங்ககிட்ட பேசுது மக்களே" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, காப்பி போட்டுக் கொடுத்தார்.

அப்பாவிடம் தலைமை இருந்தது, நிர்வாகம் இல்லை. என்னிடம் நிர்வாகம் இருக்கிறது, தலைமை இல்லை. இப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது. இரண்டும் ஒரே ஆளிடம் வருமா? வருமென்றால் எப்படி வரும்? தொழில் செய்கிறவர்கள் மனசு திறந்து சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் நேந்திரன் (ஞாயிறு, இரவு 10.15)

அக்கா, எனக்கும் இதே கேள்விதான். சிப்ஸ் கடை, ஆறு பேர். நான் கடையில் நின்றால் எண்ணெய் சரியான சூட்டில் இருக்கும், நான் காய் எடுக்கச் சந்தைக்குப் போனால் ஒரு ஈடு கருகிவிடும். மற்றவர்கள் சொல்வதைப் படிக்கக் காத்திருக்கிறேன்.

பாடம் எடுப்பவன் (திங்கள், காலை 6.50)

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் மேலாண்மைப் பாடம் எடுக்கிறேன். இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது என்று மட்டும் முதலில் சொல்கிறேன், அது உங்களுக்கு உதவலாம்.

ஹென்றி ஃபயோல் என்ற பிரெஞ்சுக்காரர், நிலக்கரிச் சுரங்கக் கம்பெனியை நடத்திய இன்ஜினியர், 1916-இல் நிர்வாகத்தின் வேலைகள் ஐந்து என்றார். திட்டமிடுவது, ஏற்பாடு செய்வது, கட்டளையிட்டு நடத்துவது, ஒருங்கிணைப்பது, கட்டுப்படுத்துவது. ஆளை முன்னால் நின்று நடத்துவதும் அந்தப் பட்டியலுக்குள்ளேயே இருந்தது. ஆறு பத்தாண்டு கழித்து, 1977-இல், ஹார்வர்டில் இருந்த ஆபிரகாம் சலெஸ்னிக் மேலாளரும் தலைவரும் வேறு வேறு ரகத்து மனிதர்களா என்று கேட்டார். 1990-இல் அதே ஹார்வர்டின் ஜான் கோட்டர் இன்னும் தெளிவாகப் பிரித்தார். சிக்கலைச் சமாளிப்பது நிர்வாகம், மாற்றத்தைச் சமாளிப்பது தலைமை என்பது அவர் கணக்கு. ஆனால் ஒரு நிறுவனத்துக்கு இரண்டும் வேண்டும் என்றும் அவரே சொன்னார். பரீட்சையில் எழுதுகிற பிள்ளைகள் அந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் விஷயத்தில் எனக்குப் படுவது இதுதான். நீங்கள் கொண்டுவந்த பதிவேடு நிர்வாகக் கருவி. ஆனால் அதைக் கொண்டுவந்தது ஒரு பெரிய மாற்றம். மாற்றத்துக்குத் தலைமை வேண்டும். அந்த வேலை நடக்காமலே கருவி உள்ளே வந்துவிட்டது.

குலசேகரம் பால்வெட்டு (திங்கள், மதியம் 1.05)

சார் சொன்னதை எங்கள் தோட்டத்து பாஷையில் சொல்லிப் பார்க்கிறேன். எனக்குப் படிப்பு குறைவு, தோட்டத்தில் 26 வருஷம்.

ரப்பரில் அன்றாட வேலை என்பது வெட்டு. விடியும் முன்னால் போக வேண்டும், வெயில் ஏறினால் பால் குறையும். ஒரு ஆள் 300, 350 மரம் பார்ப்பான். கத்தி ஒரு இழை ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், அந்தப் பக்கம் பட்டை முடிச்சுப் போடும், பல வருஷத்துக்கு அங்கே வெட்ட முடியாது. கொஞ்சம் மேலாக வெட்டினால் பால் வராது. இன்று வெட்டிய மரத்துக்கு நாளை ஓய்வு. ஆனி, ஆடி மழைக்கு முன்னால் வெட்டு நனையாமல் இருக்க மரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் பாவாடை கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வெட்டுநாள் அத்தனையும் மழையோடு போகும். பாலில் ஆசிட் எவ்வளவு, ஷீட் புகைக்கூட்டில் எத்தனை நாள், இதெல்லாம் ஒழுங்காக நடந்தால்தான் மாசம் பிழைக்கும். இது நிர்வாகம். இதைக் குறைத்துப் பேசுகிற யாரையும் நான் நம்ப மாட்டேன்.

ஆனால் ஒரு நாள் வரும். மரத்துக்கு முப்பது வயசு ஆகிவிட்டது, பட்டை தீர்ந்துவிட்டது, எவ்வளவு நன்றாக வெட்டினாலும் பால் இல்லை. அப்போது யாராவது ஒருவர் மரத்தை முறித்துவிட்டுக் கன்று நடலாம் என்று சொல்ல வேண்டும். நட்டால் ஏழு வருஷம் அந்த நிலத்தில் இருந்து பால் வராது. அந்த ஏழு வருஷம் வெட்டுக்காரனுக்கு என்ன வேலை, வீட்டுச் செலவுக்கு என்ன வழி, இடையில் வாழையோ அன்னாசியோ போடலாமா, எல்லாவற்றுக்கும் பதில் வைத்துக்கொண்டு எல்லோரையும் உட்காரவைத்துப் பேச வேண்டும். எங்கள் அண்ணன் அதைச் செய்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் எங்களைவிட நன்றாகக் கணக்கு வைத்தவர், வருஷா வருஷம் மகசூல் இறங்குவதை அழகாக எழுதி வைத்திருந்தார். முறிக்க மட்டும் மனசு வரவில்லை.

தங்கச்சி, உங்கள் அப்பா வெட்டை மனசாலேயே பார்த்தவர். நீங்கள் செய்தது மறுநடவு. மறுநடவை யாரிடமும் பேசாமல் செய்துவிட்டீர்கள்.

வடசேரி ஓய்வு (திங்கள், மாலை 5.30)

வங்கியில் 34 வருஷம் இருந்தவன். சிறுதொழில் கடன் பிரிவில் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். என் கருத்து மற்றவர்களிடமிருந்து மாறுபடுகிறது. ஒரே ஆளிடம் இரண்டையும் எதிர்பார்ப்பது அநியாயம், ஆளைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

நம் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மர் தோற்கடித்தார். பிடிபட்டவர்களில் டிலனாய் என்ற அதிகாரி இருந்தார். அவரைச் சிறையிலேயே வைத்திருக்கலாம். ராஜா அவரிடம் தன் படைக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பைக் கொடுத்தார். அணிவகுப்பு, துப்பாக்கி, பீரங்கி, உதயகிரிக் கோட்டையைத் திரும்பக் கட்டியது எல்லாம் டிலனாய் மேற்பார்வையில் நடந்தது. புலியூர்க்குறிச்சிக்குப் போனால் கோட்டைக்குள் அவர் கல்லறையைப் பார்க்கலாம், தமிழிலும் லத்தீனிலும் எழுதியிருக்கும். நாடு எங்கே போக வேண்டும் என்பது ராஜாவின் வேலை, படை வரிசை தவறாமல் நடக்க வேண்டும் என்பது டிலனாயின் வேலை. நீங்கள் ஒரு நல்ல மேனேஜரைப் போட்டுவிட்டு அப்பா மாதிரி மனிதர்களைப் பாருங்கள் என்பேன்.

கருங்கல் பருப்பு (திங்கள், இரவு 8.20)

ஐயா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் மேனேஜர் சம்பளம் எங்கள் லாபத்தில் பெரிய துண்டு. அதுவும் போக, தராசுக்கு ஒரு கிளார்க்கைப் போட்டதே இப்போது எனக்கு உறுத்துகிறது.

இரயுமன்துறை ஸ்ராங்கு (செவ்வாய், காலை 4.45)

தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் தூண்டில் படகு. முதலில் ஸ்ராங்கு, அதாவது படகை நடத்துகிறவன், இப்போது படகில் பங்கும் இருக்கிறது. வடசேரி அண்ணாச்சி சொன்னதோடு எனக்கு ஒத்துப்போக முடியவில்லை, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கரையில் ஆளைப் பிரிக்கலாம். கடலில் 11 பேர் முப்பது, நாற்பது நாள் ஒரே பலகைமேல் இருக்கிறோம். வழி சொல்கிறவனும் ஐஸ் எண்ணுகிறவனும் ஒரே ஆள்தான்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். அன்றைக்கு நாங்கள் வெகு தூரத்தில் இருந்தோம். கரைக்குச் செய்தி சொல்ல எங்கள் வயர்லெஸ் எட்டாது, கரையில் இருந்தும் செய்தி வரவில்லை. காற்று மாறுகிறது என்பதைக் கடலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். நான் தூண்டில் கயிற்றை வெட்டச் சொன்னேன். அதில் இருந்தது லட்சக்கணக்கில் பணம், முதலாளியின் பணம். ஒருத்தன் அழுதான், இழுத்துவிடலாம் என்றான். வெட்டினோம். ஊர் இருக்கிற திசைக்கு ஓடவில்லை, லட்சத்தீவுப் பக்கம் ஓடினோம். ஊரைப் பார்த்து ஓட வேண்டும் என்றுதான் எல்லோர் மனசும் சொல்லும், அப்படி ஓடாதே என்று சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டும்.

அன்றைக்கு என் பேச்சை அவர்கள் கேட்டதற்குக் காரணம் என் குரல் என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்குத் தெரியும், காரணம் வேறு. டாங்கில் எத்தனை லிட்டர் டீசல் இருக்கிறது, குடிதண்ணீர் எத்தனை நாளுக்கு வரும் என்று நான் தினமும் காலையில் எல்லோருக்கும் முன்னால் அளந்து சொல்கிற பழக்கம் வைத்திருந்தேன். அன்று காலையும் சொல்லியிருந்தேன். அதனால் தீவு வரைக்கும் எண்ணெய் வரும் என்று சொன்னபோது ஒருவரும் சந்தேகப்படவில்லை. அளவு தெரியாமல் தைரியம் மட்டும் சொல்லியிருந்தால் பதினொரு பேரும் பதினொரு யோசனை சொல்லியிருப்பார்கள். எங்கள் ஊர்களில் எத்தனை வீட்டில் ஆள் திரும்பவில்லை என்பது இந்த மாவட்டத்துக்கே தெரியும். அவர்கள் கணக்கில் குறைந்தவர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன், அந்தக் காற்றில் எதுவும் நடக்கும். என் படகில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

இன்னொன்று. கொச்சியில் தோப்பும்படித் துறைமுகத்தில் மீனை விற்றுவிட்டுக் கணக்குப் பார்க்கும்போது ஒருத்தனையும் விடாமல் உட்காரவைப்போம். டீசல், ஐஸ், இரை, சாப்பாடு எல்லாவற்றையும் உரக்கப் படித்துக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பங்கு வைப்போம். புதுசாக வந்த பையனும் கேள்வி கேட்கலாம். உங்கள் ஆபீஸில் தாள் எழுதுகிறீர்களே தங்கச்சி, அதை யார் படிக்கிறார்கள்?

கருங்கல் பருப்பு (செவ்வாய், காலை 7.10)

நான் மட்டும்தான் அண்ணா. ராத்திரி, வீட்டில்.

அம்மாவின் கை (செவ்வாய், இரவு 10.50)

நான் இங்கே எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். என் அம்மா அண்டி ஆபீஸில் 27 வருஷம் இருந்தவர். எந்த ஆபீஸ், எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை.

இந்த இழையில் எல்லோரும் பழைய முதலாளிகளின் பாசத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். அது பொய் இல்லை. அம்மாவின் முதலாளியும் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தார், மொய் எழுதினார், அப்பா இறந்தபோது சவப்பெட்டிக்குப் பணம் கொடுத்தார். அம்மா இன்றுவரை அவரைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை.

ஆனால் கேளுங்கள். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஆலையில் பிஎஃப் கட்டாயம். அம்மாவின் பெயர் அதில் ஏறியது கடைசி ஆறு வருஷத்தில்தான். பென்ஷன் வேண்டுமானால் பத்து வருஷச் சேவை பதிவில் இருக்க வேண்டும். 27 வருஷம் உடைத்த ஆளுக்குப் பதிவில் ஆறு. மாசா மாசம் வர வேண்டிய பென்ஷன் வரவில்லை. அந்த முதலாளி திருடவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அவருக்குக் கணக்கு வழக்கில் அக்கறை இல்லை, "பாத்துக்கலாம் பிள்ளே" என்பார். பார்த்துக்கொள்ளவில்லை.

கொட்டைத் தோட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் கை வெந்துபோகும். சாம்பலும் தேங்காய் எண்ணெயும் தடவிக்கொண்டு உடைப்பார்கள். கையுறை போட்டால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் கிலோவுக்குக் கூலி என்பதால் காசு குறையும். அம்மாவின் விரல்ரேகை தேய்ந்துபோய் ரேஷன் கடை மெஷினில் விழவில்லை. விரல்ரேகை வருகைப்பதிவு வைத்த அக்காவுக்கு இது தெரியுமா என்று தெரியவில்லை. மெஷினில் கை வைத்து மூன்று தடவை விழாமல் போனால், பின்னால் வரிசையில் நிற்கிறவர்களுக்கு முன்னால் எவ்வளவு கேவலமாக இருக்கும்.

எனக்குக் கணக்கு வைக்கிற முதலாளிதான் வேண்டும். அந்தக் கணக்கு என் அம்மாவுக்கும் சேர்த்து எழுதப்பட வேண்டும்.

பாடம் எடுப்பவன் (புதன், காலை 6.30)

இந்தப் பதிவைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். என் முதல் பதிவில் தலைமை இல்லாத நிர்வாகத்தை மட்டும் பேசினேன். நிர்வாகம் இல்லாத தலைமை ஒரு பெண்ணின் முதுமையை எப்படிப் பாதிக்கும் என்பதை இத்தனை வருஷத்தில் ஒரு வகுப்பிலும் நான் சொன்னதில்லை. நன்றி.

கருங்கல் பருப்பு (புதன், இரவு 9.00)

அம்மாவின் கை, நீங்கள் எழுதியதற்கு நன்றி. விரல்ரேகை விஷயம் எனக்குத் தெரியாது. இன்று காலையில் வாசலில் நின்று பார்த்தேன். நான்கு பேருக்கு விழவில்லை. கிளார்க் அவர்களைத் தாளில் எழுதிக்கொண்டார், ஆனால் மற்றவர்கள் உள்ளே போகும் வரை நிற்கவைத்தார். ஒன்றரை வருஷமாக இப்படித்தான் நடந்திருக்கிறது. அந்த மெஷினை இன்றே கழற்றிவிட்டேன். அட்டைதான் இனி.

அப்பா காலத்தில் எங்கள் ஆபீஸிலும் பிஎஃப், இஎஸ்ஐ பாதிப் பேருக்குத்தான் இருந்தது. நான் வந்த பிறகு எல்லோரையும் சேர்த்தேன், அதைப் பெருமையாகத்தான் நினைத்திருந்தேன். ஆனால் கூலியில் ஏன் பிடிக்கிறோம், அது எங்கே போகிறது, எப்போது திரும்பி வரும் என்று ஒருவரிடமும் உட்கார்ந்து சொல்லவில்லை. அவர்கள் பார்வையில் முதலாளி மகள் வந்ததும் கூலி குறைந்தது. அவ்வளவுதான் தெரிந்திருக்கும்.

ஸ்ராங்கு அண்ணா கேட்ட கேள்வியும் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. மார்ச் மாதம் மூன்றாவது மேசையில் உடைசல் கூடியது. தாளில் பார்த்தேன், அவர்களைக் கூப்பிட்டுக் கண்டித்தேன், பெயரோடு சுவரில் ஒட்டினேன். இன்று மதியம் அந்த மேசையில் இருக்கிற ஒரு அக்காவிடம் நானே போய்க் கேட்டேன். போர்மாவில், அதாவது பருப்பை உலர்த்துகிற சூட்டடுப்பில், கீழ்த்தட்டு ட்ரேயில் சூடு கூடுகிறதாம். பருப்பு அளவுக்கு மேல் காய்ந்து நொறுங்குகிறது, மேல்தட்டில் ஈரம் நின்று தோல் உரிய மாட்டேன் என்கிறது. கீழ்த்தட்டு ட்ரே முழுக்க அந்த மேசைக்குத்தான் போகிறது. இது அவர்கள் எல்லோருக்கும் ஆரம்பத்திலேயே தெரியும். ஏன் அக்கா சொல்லவில்லை என்றேன். "தாளில அதுக்கு இடம் இல்லியே" என்றார்.

பாடம் எடுப்பவன் (வியாழன், காலை 6.40)

ஜப்பானில் டொயோட்டா ஆலைகளில் வேலையிடத்துக்கு மேலே பல காலம் ஒரு கயிறு தொங்கியது. எங்காவது தப்பு நடப்பதாகப் பட்டால் சாதாரணத் தொழிலாளி அதை இழுக்கலாம், மேற்பார்வையாளர் ஓடி வருவார், சரியாகாவிட்டால் அந்த வரிசையே நிற்கும். அந்தக் கயிறு நிர்வாகமா தலைமையா என்று மாணவர்களிடம் கேட்பேன், பாதிப் பேர் ஒரு பக்கம், பாதிப் பேர் மறுபக்கம் நிற்பார்கள். கயிறு கட்டுவது சுலபம். இழுத்தவனை ஒருநாள் திட்டினால் போதும், அப்புறம் யாரும் தொட மாட்டார்கள். நீங்கள் சுவரில் ஒட்டிய பெயர்ப்பட்டியல் அதைத்தான் செய்தது.

தோவாளை பிச்சி (வியாழன், காலை 11.20)

பூச்சந்தை வேலை முடிந்து இப்போதுதான் படித்தேன். எங்கள் தொழிலில் விலை மணிக்கொரு தரம் மாறும். ஓணத்துக்கு முந்தின வாரம் கேரளா வண்டி நிற்கும்போது ஒவ்வொன்றுக்கும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தால் பூ வாடிவிடும். அதனால் பையன்களுக்கு ஒரு உச்சவிலை சொல்லிவிடுவேன், அதற்குள் அவர்கள் முடிவு. நஷ்டமானால் அன்று மதியம் சேர்ந்து உட்கார்ந்து ஏன் என்று பார்ப்போம், காசைப் பிடிக்க மாட்டேன். ஒரு ஓணத்தில் ஒருத்தன் கேந்திப் பூவில் நன்றாகவே இடறினான். அடுத்த வருஷம் அவன்தான் எல்லோரையும்விடச் சரியாக எடுத்தான். மார்த்தாண்டம் தம்பி, எண்ணெய் சூட்டை உன் கண்ணால் பார்க்காமல் அவர்கள் பார்க்க ஒரு வழி சொல்லிக்கொடு, ஒரு தெர்மாமீட்டர் போதும்.

மார்த்தாண்டம் நேந்திரன் (வியாழன், மதியம் 12.05)

இன்றே வாங்குகிறேன் அண்ணாச்சி.

வடசேரி ஓய்வு (வெள்ளி, காலை 9.15)

ஆளைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னவன் நான். ஸ்ராங்கு தம்பி எழுதியதையும், அந்த அம்மாவின் மகள் எழுதியதையும் படித்த பிறகு கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன்.

மேனேஜர் ஒருவரைப் போட்டுவிட்டு முதலாளி கல்யாண வீட்டுக்கு மட்டும் போனால், கெட்ட பெயர் எல்லாம் மேனேஜருக்கு, நல்ல பெயர் எல்லாம் முதலாளிக்கு என்று ஆகிவிடும். கடன் பிரிவில் இப்படிப்பட்ட இடங்களை நான் பார்த்திருக்கிறேன், எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. அங்கே பதிவேட்டில் பொய்தான் ஏறும்.

இரண்டும் ஒருவரிடம் சேர்ந்ததற்கும் நம் கடற்கரையில் சாட்சி நிற்கிறது. விவேகானந்தர் பாறை நினைவுச் சின்னம் 1970 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அதற்கு முன் அனுமதியே கிடைக்காமல் பல காலம் இழுபறி. ஏக்நாத் ரானடே பொறுப்புக்கு வந்ததும் டெல்லியில் மூன்று நாளில் 323 எம்.பி.க்களிடம் கையெழுத்து வாங்கினார், கட்சி வித்தியாசம் இல்லாமல். அது தலைமை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதே மனிதர்தான் நாடு முழுக்கச் சாதாரண ஜனங்களிடம் ஒரு ரூபாய் ஒரு ரூபாயாகத் திரட்டினார். ஒரு ரூபாயாகத் திரட்ட எவ்வளவு கணக்கு வேண்டும் என்று வங்கிக்காரனுக்குத் தெரியும். கல்லைக் கரையில் செதுக்கிப் படகில் ஏற்றிப் பாறையில் இறக்கினார்கள். அலை பார்த்து, ஆள் பார்த்து, எந்தக் கல் எந்த வரிசைக்கு என்று பார்த்துத்தான் அதைச் செய்திருக்க முடியும். ஒரு ரூபாய் கொடுத்தவன் எல்லாம் அது தன் வேலை என்று நினைத்தான். அங்கே கணக்கு எது, உற்சாகம் எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

குலசேகரம் பால்வெட்டு (வெள்ளி, இரவு 8.00)

தங்கச்சி, உங்கள் அப்பா காலத்தில் தராசில் யார் நின்றார்கள்?

கருங்கல் பருப்பு (வெள்ளி, இரவு 9.25)

அப்பாதான். ஒரு நாளும் வேறு ஆள் நின்றதில்லை. மாலை நான்கு மணிக்கு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொருத்தரும் உரித்ததைக் கொண்டுவருவார்கள், அப்பா கையை விட்டு அளைந்து பார்த்து, எடை போட்டு, ஒரு வார்த்தை பேசுவார். பிள்ளைக்குக் காய்ச்சல் குறைந்ததா, இன்று ஏன் உடைசல் கூட, கொட்டை சரியில்லையா, அப்படி ஏதாவது. ஆளுக்கு அரை நிமிஷம்கூட இருக்காது.

இதை எழுதும்போதுதான் தெரிகிறது. அப்பாவிடம் நிர்வாகம் இல்லை என்று முதல் பதிவில் எழுதினேன். அவர் நிர்வாகம் முழுக்க அந்த ஸ்டூலில்தான் நடந்திருக்கிறது. எழுதிவைக்காததுதான் அவர் குறை, அதனால்தான் பிஎஃப் விட்டுப்போனது, மூட்டை காணாமல் போனது. நான் எழுதினேன், ஸ்டூலை எடுத்துவிட்டேன். டிஜிட்டல் தராசின் எண் கிளார்க் பக்கம் பார்த்து இருக்கிறது. எடை போட வருகிறவர்களுக்கு அது தெரியாது. இத்தனை நாளாக எனக்கு இது தோன்றவே இல்லை.

இரயுமன்துறை ஸ்ராங்கு (சனி, காலை 5.00)

நாளை மறுநாள் கடலுக்குப் போகிறேன். திரும்பி வரும்போது எழுதியிருங்கள், படிக்கிறேன்.

கருங்கல் பருப்பு (ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.30)

சொன்னபடி எழுதுகிறேன்.

தராசைத் திருப்பி வைத்தேன். எண் இப்போது எடை கொண்டுவருகிறவர் பக்கம். நான்கு மணிக்கு நானே உட்காருகிறேன், கிளார்க் பக்கத்தில் இருந்து எழுதுகிறார். தினசரித் தாளில் கடைசியில் ஒரு கட்டம் சேர்த்தோம், "இன்று என்ன தடங்கல்" என்று. எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொல்வார்கள், எழுதிக்கொள்வோம். முதல் வாரம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வாரம் ஒரு பாட்டி கழிவறைத் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது என்றார். அன்று மாலையே மாற்றினேன். அடுத்த நாள் ஏழு பேர் சொன்னார்கள்.

போர்மாவில் ட்ரேக்களை நேரம் வைத்து மேலும் கீழும் மாற்றுகிறோம், யோசனை மூன்றாவது மேசையுடையது. உடைசல் இறங்கிவிட்டது. சுவரில் ஒட்டிய பெயர்களை எடுத்துவிட்டு ஆபீஸ் மொத்தத்துக்கு ஒரே எண்ணை எழுதுகிறோம், நூறு கிலோவுக்கு எத்தனை கிலோ பருப்பு, அதில் முழுசு எவ்வளவு என்று. அது ஏறினால் கிறிஸ்துமஸ் போனஸ் எவ்வளவு கூடும் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிட்டேன். சனிக்கிழமைதோறும் அதை உரக்கப் படிக்கிறோம், தோப்பும்படிக் கணக்கு மாதிரி. பிஎஃப் புத்தகத்தை ஒவ்வொருவருக்கும் போனில் எடுத்துக் காட்டினோம். தன் பெயரில் இவ்வளவு பணமா என்று இரண்டு பேர் அழுதார்கள். அம்மாவின் கை, அன்றைக்கு உங்களை நினைத்துக்கொண்டேன்.

போன 17 பேரில் ஐந்து பேர் திரும்பியிருக்கிறார்கள். என்னைத் தூக்கி வளர்த்த அக்கா வரவில்லை. அங்கே பேத்தியோடு சேர்ந்து போவதால் வசதியாக இருக்கிறதாம். நான் வற்புறுத்தவில்லை.

சரியாகாத விஷயமும் இருக்கிறது. தினமும் நான்கு மணிக்கு நான் அங்கே இருந்தாக வேண்டும் என்றால் கொள்முதலுக்கு எங்கேயும் போக முடியாது. ஐவரிகோஸ்ட் கொட்டை தூத்துக்குடிக்கு வந்து இறங்கும்போது நேரில் வெட்டிப் பார்க்காமல் வாங்கினால் அவ்வளவுதான். அதனால் வியாழக்கிழமை நான் துறைமுகம் போகிறேன், தராசில் மூன்றாவது மேசை அக்கா உட்காருகிறார். நேற்று ஒத்திகை மாதிரி அவரையே உட்காரவைத்தேன். பருப்பை அளைந்து பார்த்துவிட்டு முதல் ஆளிடம், "இன்னிக்கு உனக்கு மேல்தட்டா வந்துச்சு?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்காது. கிளார்க்கிடம் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.